தங்கைக்காக ஒரு மருத்துவமனை

போன மாசம் பழவேற்காடு போயிருந்தேன். எல்லாரும் அங்கே ஏரியையும் மீனவக் கிராமங்களையும் பார்க்கத்தான் போவாங்க. நான் போனது டச்சுக் கல்லறையைப் பார்க்க. என் அண்ணன் இறந்து ரெண்டு வருஷம் ஆகுது. அவன் பேர்ல ஒரு கல்வெட்டு வைக்கணும்னு அப்பா சொல்றார். அந்தப் பணத்துல யாருக்காவது உதவலாம்ங்கிறது அம்மாவோட ஆசை. எது சரின்னு எனக்குத் தெரியல.

1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினாங்க. துணி வியாபாரம்தான் முக்கியம். இன்னைக்குக் கோட்டை புதர் மண்டிக் கிடக்கு. கல்லறை மட்டும் நிக்குது. வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு சிற்பங்கள், உள்ளே கருங்கல்லில் செதுக்கின பெயர்களும் குடும்பச் சின்னங்களும். முந்நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் எழுத்து அழியல. ஆனா அந்தப் பெயர்களுக்காக அழுதது யாருன்னு அங்கே நிக்கிற நமக்குத் தெரியாது.

இதே துக்கம் ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னாடி சென்னையில ஒரு டாக்டருக்கும் வந்தது. 1912-ல் மருத்துவப் பட்டம் வாங்கின முத்துலட்சுமி ரெட்டி. 1920-களின் தொடக்கத்துல அவங்க தங்கை புற்றுநோயால இறந்தாங்க. முதல்ல அது வயிற்றுக்கடுப்புன்னு நினைச்சு வைத்தியம் நடந்தது. உண்மை தெரிஞ்சப்போ காலம் கடந்துபோச்சு. அக்கா டாக்டரா இருந்தும் தங்கையைக் காப்பாத்த முடியல.

அந்த வலியை அவங்க ஒரு சிலையாவோ மண்டபமாவோ ஆக்கல. புற்றுநோய்க்குன்னே ஒரு மருத்துவமனை வேணும்னு வருஷக்கணக்கா பேசினாங்க. புற்றுநோய் வந்தா சாவுதான்னு ஊரே நம்பின காலம் அது. கடைசியில இந்திய மாதர் சங்கம் மக்கள்கிட்ட நிதி திரட்டியது. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளோட அடையாறு புற்றுநோய் நிலையம் திறந்தது. தங்கை இறந்து சுமார் முப்பது வருஷம் கழிச்சு! முத்துலட்சுமியோட மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த வருஷம் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தாங்க. 2021-ல் இறக்கும்வரை சாந்தாவுக்கு அதுதான் வாழ்க்கை.

கவனிச்சீங்களா? நிலையத்தோட பெயர்ல மாதர் சங்கம் இருக்கு, தங்கை இல்லை. ஆனா நோயைச் சீக்கிரமே கண்டுபிடிச்சு அங்கிருந்து பிழைச்சு வீடு திரும்புற ஒவ்வொருத்தருக்கும், அந்தத் தங்கைக்குக் கிடைக்காத ஒண்ணு கிடைக்குது.

இந்தக் கதையை அப்பாகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்போ அவன் பேரு எங்கயும் இருக்காதாப்பா?"

என்கிட்ட இன்னும் பதில் இல்லை. உங்க வீட்டுல இப்படி ஒரு பேச்சு வந்தா, அந்தக் கேள்வியையும் சேர்த்துப் பேசுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.