அன்னபூரணி சென்ற துறைமுகம்

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலே குளொஸ்டர் என்றொரு மீன்பிடித் துறைமுகம் உண்டு. 1926ஆம் ஆண்டு அயலூரான எசெக்சிற் கட்டப்பெற்ற 'அட்வெஞ்சர்' என்னும் பாய்க்கப்பலை அங்கே போற்றிப் பேணுகின்றனர். 1953 வரை மீன்பிடித் தொழிலில் உழைத்த அம்மரக்கலத்தை 1994இல் அந்நாட்டரசு தேசிய வரலாற்றுச் சின்னமாக ஏற்றது. காணவருவோர் அதன் தளத்தில் நின்று, மரத்தையும் கயிற்றையும் பாயையும் கண்டு, பண்டை மீனவரின் வாழ்வை உணர்ந்து மீள்கின்றனர்.

அத்துறைமுகத்தின் வரலாற்றில் யாழ்ப்பாணத்தார்க்கும் ஓரிடம் உண்டு. 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் நாள் அங்கு வந்து சேர்ந்த கப்பலொன்று வல்வெட்டித்துறையிற் பிறந்தது. 1930இல் வேப்பமரங் கொண்டு கட்டப்பெற்ற அதன் நீளம் 89 அடி. பெயர் 'அன்னபூரணி அம்மாள்'. 'சுவாப்' என்னும் 32 அடிப் படகிலே 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் அல்பேட் றொபின்சன் இதனை விலைக்கு வாங்கி, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனத் தம் மனைவியின் பெயரை இட்டார். தண்டயல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை உள்ளிட்ட வல்வெட்டித்துறை மாலுமிகள் சூயெஸ் கால்வாய் கடந்து, மத்தியதரைக் கடலும் அத்திலாந்திக் பெருங்கடலும் தாண்டி அதனைச் செலுத்திச் சென்றனர். உலகக் கடல்களைத் தாமே கண்டறிந்த ஒருவர், ஈழத்துக் கரையூரொன்றின் ஓடாவிகள் செய்த கலத்தை நம்பி வாங்கினார் என்பது கருதற்பாலது.

ஆயினும், அட்வெஞ்சருக்கு வாய்த்த பேறு அன்னபூரணிக்கு வாய்க்கவில்லை. அக்கப்பல் இன்று இல்லை. மரக்கலத்தின் ஆயுளைக் கடலின் இயல்பும் தீர்மானிக்கின்றது. சுவீடன் நாட்டு 'வாசா' என்னும் போர்க்கப்பல் 1628இல் மூழ்கி, 333 ஆண்டுகளின் பின் 1961இல் மீட்கப்பட்டது. உப்புக் குறைந்த பால்டிக் கடலில் மரந்துளைக்கும் கப்பற்புழு வாழாமையே அதன் மரம் கெடாதிருந்தமைக்கு ஒரு காரணமாகும். வெப்பக் கடல்களிலோ அப்புழு மிகுதி. ஆதலின், யாழ்ப்பாணக் கரையிலே பழங்கப்பல் தானே நிலைத்துநின்று சான்றுரைக்கும் என எதிர்பார்த்தல் தகாது.

இங்கே முதலிற் காக்கவேண்டியது கப்பல் கட்டும் அறிவேயாம். எந்த மரம் எவ்வுறுப்புக்கு உரியது, பலகை எவ்வாறு வளைக்கப்பட்டது, பொருத்துகளில் நீர் புகாமல் எவ்வாறு அடைக்கப்பட்டது என்பவற்றைத் தந்தையிடமிருந்து மைந்தர் கைவழியே கற்றனர். அத்தொழில் ஒழிந்தால் அக்கல்வியும் உடனொழியும். கப்பல் கட்டியோரின் மக்களும் பேரரும் நினைவில் வைத்திருப்பனவற்றை அவ்வூர்ப் பாடசாலை மாணவர் இன்றே கேட்டெழுதுதல் வேண்டும். அன்னபூரணியைக் காண விழையும் நாளைய தலைமுறை அவ்வேடுகளிலேயே அதனைக் காணும்.