கேட்காத கேள்விக்குத் தண்ணீர் பதில் சொல்லாது



"போர் தண்ணியை லேபில் கொடுத்துப் பார்த்தாச்சு, எல்லாம் நார்மல்" என்று பலரும் சொல்கிறார்கள். எதையெல்லாம் பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை. அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பதற்கு வங்கதேசத்தின் வரலாறு சாட்சி. சற்று நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

அங்கே கிராம மக்கள் காலங்காலமாகக் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்தவர்கள். காலராவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளைக் கொண்டுபோயின. 1970களில் அரசும் யுனிசெப்பும் ஊர் ஊராக அடிபம்பு போட்டன. பிறகு மக்களே சொந்தச் செலவில் லட்சக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

1983இல் எல்லைக்கு இந்தப் பக்கம், கல்கத்தாவில், தோல் மருத்துவர் கே.சி. சாஹாவிடம் சில கிராமத்து நோயாளிகள் வந்தார்கள். உடம்பில் கரும்புள்ளிகள், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு. குழாய்க் கிணற்று நீரில் இருந்த ஆர்செனிக்தான் காரணம் என்று அவர் கண்டார். நம் பெரியவர்கள் பாஷாணம் என்பார்களே, அந்த இனம். இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்து வந்த வண்டலில் இரும்போடு ஒட்டிக் கிடந்தது. பூமிக்கடியில் ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் இரும்பு கரைய, இதுவும் நீரில் கலந்துவிட்டது. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை.

1992இல் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனம் வங்கதேசத்தில் 150 கிணறுகளின் நீரைச் சோதித்தது. பல தனிமங்களைப் பார்த்தார்கள். அந்தப் பட்டியலில் ஆர்செனிக் இல்லை. மறு ஆண்டே அந்நாட்டுப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறை சப்பாய் நவாப்கஞ்சில் அதைக் கண்டுபிடித்தது. பாதிக்கப்பட்ட ஒருவர் பிரிட்டனில் வழக்குத் தொடர்ந்தார். குடிநீருக்குப் பொறுப்பு அந்த நிறுவனம் அல்ல என்று 2006இல் பிரபுக்கள் சபை கூறிவிட்டது.

அதே நிறுவனம் 1998–99இல் அந்நாட்டுத் துறையுடன் சேர்ந்து, மொத்தமுள்ள 64 மாவட்டங்களில் 61இல் 3,534 கிணறுகளின் நீரை எடுத்தது. மாதிரி எடுப்பதில் ஒரு முறை உண்டு. குழாயில் தேங்கிய நீர் போகும்வரை முதலில் அடித்துக் கொட்ட வேண்டும். பிறகு பிடிக்கும் நீரில் சில சொட்டு அமிலம் விட வேண்டும். விடாவிட்டால் இரும்பு துருவாகப் படிந்து ஆர்செனிக்கையும் இழுத்துக்கொண்டு அடியில் போய்விடும். ஆய்வகத்தில் "குறைவு" என்று பொய்யான விடை வரும்.

முடிவு என்ன தெரியுமா? 150 மீட்டருக்குக் குறைந்த ஆழமுள்ள கிணறுகளில் 27 சதவீதம், அந்நாட்டு வரம்பான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு வெறும் 10தான். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு!

ஒரு வீட்டுக் கிணறு மோசமாகவும் அடுத்த வீட்டுக் கிணறு நல்லதாகவும் இருந்ததால், ஒன்றைப் பார்த்து மற்றதைச் சொல்ல முடியவில்லை. எனவே 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் அடிபம்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். நல்லதற்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு வர்ணம். சுமார் 14 லட்சம் சிவப்பாயின. பலர் பக்கத்து வீட்டுப் பச்சைக் குழாயில் தண்ணீர் பிடிக்கத் தொடங்கினார்கள்.

பிள்ளைகளே, கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும். இத்தகைய நஞ்சைக் காட்டாது. அடுத்த முறை தண்ணீர் அறிக்கை வாங்கும்போது "நார்மல்" என்ற சொல்லோடு நிறுத்தாதீர்கள். எவற்றைச் சோதித்தார்கள், எவற்றைச் சோதிக்கவில்லை என்று வரிவரியாகப் பாருங்கள். ஃபுளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்கள் அந்த வரி இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்