மத்திகிரிக் குதிரைகளும் மகளின் மணிக்கட்டும்

கொஞ்ச நாளாகவே ஆபீஸில் ஆணி அதிகம். அதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மன்னிச்சுக்கோங்க மக்களே. வந்ததும் வராததுமாக ஒரு வரலாற்றுப் பதிவு. வழக்கம்போலக் கொஞ்சம் சொந்தக் கதை, நிறைய ஊர்க் கதை.

முதலில் கொசுவர்த்தி சுத்திடறேன். போன கோடை விடுமுறைக்கு ஒரு மலை ஊருக்குப் போயிருந்தோம். ஊர் பேர் வேண்டாம். ஏரிக்கரையில் வாடகைக் குதிரைகள் நின்றன. "அப்பா, ஒரே ஒரு ரவுண்டு" என்றாள் மகள். ஒன்பது வயசு. காலில் ரப்பர் செருப்பு, தலையில் தொப்பி கூட இல்லை. நானும் போட்டோ எடுக்கிற ஆசையில் ஏற்றி விட்டுட்டேன். பின்னாலிருந்து எவனோ ஒருத்தன் பைக்கில் ஹாரன் அடிச்சான். குதிரை பக்கவாட்டில் ஒரு துள்ளு துள்ளியது. பிள்ளை சரிந்து விழுந்தாள். ஒரு கால் மட்டும் அங்கவடியில் (அதாங்க, கால் வைக்கிற வளையம்) மாட்டிக்கொண்டது. ரெண்டு அடி இழுபட்டிருப்பாள், செருப்பு கழண்டு கால் வெளியே வந்துவிட்டது. மணிக்கட்டில் எலும்பு முறிவு, அஞ்சு வாரம் மாவுக்கட்டு. அந்தச் செருப்பு கழண்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னைக்கும் சில ராத்திரி தூக்கம் வராது.

கட்டுப் பிரித்த மறுநாள் மகள் சொன்னாள்: "அப்பா, எனக்கு ஒழுங்கா குதிரை ஏறக் கத்துக்கணும்."

தங்கமணி என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. "குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சுதாம். அப்பனும் மகளும் சேர்ந்து குழி பறிங்க" என்று சொல்லிட்டு உள்ளே போயிட்டாங்க.

எனக்கு எது ஒன்று புரியவில்லை என்றாலும் அதன் பழைய கதையைத் தேடிப் போவதுதான் வழக்கம். இந்த முறை ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. நம்ம ஓசூரை ஒட்டிய மத்திகிரியே போதுமாக இருந்தது.

இன்றைக்கு ஓசூரில் அதிகம் கண்ணில் படும் குதிரை, டிவிஎஸ் வண்டியில் பாய்கிற அந்தச் சின்னம்தான். மற்றபடி குதிரை என்றால் இங்கே என்ஜின் பலத்தை அளக்கிற கணக்கு. ஆனால் சிப்காட் வருவதற்கு நூற்றைம்பது வருஷம் முன்னாலேயே இந்த ஊருக்கு நிஜக் குதிரைகள்தான் தொழில். மத்திகிரியில் ஏறக்குறைய 1,600 ஏக்கரில் ஒரு கால்நடைப் பண்ணை இருக்கிறதே, பலருக்கும் அது மாட்டுப் பண்ணையாகத்தான் தெரியும். ஆனால் 1824-ல் அது தொடங்கப்பட்டது ராணுவக் குதிரைகளுக்காக. 'ரிமவுண்ட் டிப்போ' என்று பெயர். படையில் சாகிற, காயம் படுகிற, வயசாகிற குதிரைகளுக்குப் பதிலாகப் புதுக் குதிரைகளைத் தயார் பண்ணி அனுப்புகிற இடம்.

ஏன் இங்கே? ஓசூர் கடல் மட்டத்தில் இருந்து கிட்டத்தட்ட 3,000 அடி உயரம். வெயில் குறைவு, மேய்ச்சல் உண்டு, கொள்ளு விளைகிற பூமி. 40 கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே 1809-ல் உருவான கன்டோன்மென்ட்டில் குதிரைப்படை இருந்தது. அப்போது சென்னை மாகாண கவர்னர் யார் தெரியுமா? தாமஸ் மன்றோ. 1792-ல் திப்புவிடம் இருந்து பாராமகால் கம்பெனி கைக்குப் போனபோது, கேப்டன் ரீடுக்குக் கீழே இந்தக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமெல்லாம் குதிரையில் சுற்றி நிலம் அளந்த அதே மன்றோதான். அதற்கு முன்னால் ஹைதர், திப்பு குதிரைப்படைகள் ஓடிய பூமி இது. கர்நாடகத்தில் குணிகல் குதிரைப் பண்ணை திப்பு காலத்திலேயே இருந்தது. எல்லை என்று இன்று நாம் கோடு போட்டிருக்கிற இடத்தில் குதிரை, குதுரெ, குர்ரம் என்று மூணு பாஷையிலும் அதைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

சரி, இதுக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? இருங்க.

தமிழ்நாட்டுக்குக் குதிரை பெரும்பாலும் கப்பலில் வந்த விருந்தாளி. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு விஷயத்தைப் பதிவு பண்ணியிருக்கிறார். அரபு நாடுகளில் இருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கிக் குவித்தார்களாம். வருஷம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகுமாம். பராமரிக்கத் தெரிந்த ஆளில்லை, லாடம் அடிக்க ஆளில்லை என்று காரணமும் சொல்கிறார். காசு கொடுத்துக் குதிரையை வாங்கிவிடலாம், குதிரையைத் தெரிந்த ஆளை அப்படி வாங்க முடியாது. எழுநூறு வருஷம் கழிச்சு நான் ஏரிக்கரையில் செய்ததும் அதே தப்புதான்.

ரிமவுண்ட் டிப்போ என்பதே இந்தத் தப்புக்கான பதில். ராணுவக்காரன் நல்லவனோ கெட்டவனோ, குதிரை விஷயத்தில் அவசரப்பட மாட்டான். வளைகுடாவில் இருந்து வரும் அரபுக் குதிரையோ, 1830-களுக்குப் பிறகு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இருந்து சென்னைக்குக் கப்பலேறி வந்த 'வேலர்' குதிரையோ (வேல்ஸில் இருந்து வந்ததால் வேலர்!), நேராகப் படைக்குப் போகாது. முதலில் தலைக்கயிறு பழக்கணும். அப்புறம் நீளக் கயிற்றில் வட்டமாக ஓட விடணும். பிறகு ஆளில்லாமல் வெறும் சேணம். சத்தத்துக்குப் பழக்கணும். இவ்வளவுக்கும் பிறகுதான் முதுகில் ஆள். அதுவும் பழகின ஆள். புதுச் சிப்பாயைப் பழைய குதிரையில் ஏற்று, புதுக் குதிரையில் பழைய சிப்பாயை ஏற்று. இதுதான் பால பாடம்.

பைக் ஹாரனுக்கு மிரண்ட அந்தக் குதிரையை யார் பழக்கினார்கள், எத்தனை வயசு, அன்றைக்கு அது எத்தனாவது ரவுண்டு? ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை. டிக்கெட் விலையை மட்டும் கேட்டேன்.

குதிரை வேட்டையாடும் மிருகமல்ல, வேட்டையாடப்படும் மிருகம். கண் ரெண்டும் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட 350 டிகிரி பார்க்கும். தெரியாத இடம் ரெண்டுதான்: நெற்றிக்கு நேர் முன்னால், வாலுக்கு நேர் பின்னால். பின்னாலிருந்து சத்தம் வந்தால் யோசிக்காது, முதலில் ஓடும், பிறகுதான் திரும்பிப் பார்க்கும். கெட்ட புத்தி ஒன்றும் இல்லை, அது பல லட்சம் வருஷம் உயிர் பிழைத்த வழியே அதுதான். 400 கிலோ உடம்பு அப்படித் துள்ளும்போது மேலே இருப்பது 25 கிலோ பிள்ளை.

நம்ம பக்கத்து பெங்களூருவில் இன்னொரு கதை உண்டு. 1896-ல் வின்ஸ்டன் சர்ச்சில் என்ற 21 வயசு இளைஞர் குதிரைப்படை அதிகாரியாக அங்கே வந்தார். பம்பாயில் படகில் இருந்து இறங்கும்போதே தோள் மூட்டு விலகிவிட்டது. முழங்கையை உடம்போடு கட்டிக்கொண்டு போலோ ஆடினார். பின்னாளில் 1930-ல் எழுதிய சுயசரிதையில் பெற்றோருக்கு ஒரு யோசனை சொல்கிறார்: பிள்ளைக்குப் பணம் கொடுக்காதீர்கள், முடிந்தால் குதிரை கொடுங்கள் என்று. அது வரைக்கும் சரி. ஆனால் பாய்ச்சலில் கழுத்து முறிந்து போனாலும் அது நல்ல சாவுதான் என்கிற மாதிரியும் போகிறது பேச்சு. ஐயா, அது அந்தக் காலத்துச் சிப்பாயின் வீரம். நமக்கு ஒத்து வராது. பிள்ளை சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஹோம்வொர்க் செய்யணும்.

குதிரையேற்றம் ரொம்ப காலம் ராணுவத்தின் சொத்தாகவே இருந்ததால், கூடவே இந்த முரட்டு வீரமும் ஒட்டிக்கொண்டது. ஒலிம்பிக்கில் டிரஸாஜ் போட்டியில் 1952 வரைக்கும் பெண்களுக்கு இடமே இல்லை, ராணுவ அதிகாரிகள்தான். அந்த வருஷம் ஹெல்சின்கியில் கதவு திறந்ததும் டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் வெள்ளி வாங்கினார். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். குதிரையில் ஏறவே அடுத்தவர் உதவி வேண்டும். பலம் இல்லை, பழக்கம்தான் குதிரையை நடத்துகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

ஹெல்மெட் கதையும் அப்படித்தான், ரொம்ப லேட். 2010-ல் அமெரிக்க ஒலிம்பிக் வீராங்கனை கோர்ட்னி கிங்-டை, பயிற்சியின்போது குதிரை இடறி விழுந்ததில் தலையில் அடிபட்டுக் கோமாவுக்குப் போனார். அன்று ஹெல்மெட் இல்லை. ஒலிம்பிக் போனவருக்கே இந்தக் கதி. அதன் பிறகுதான் பெரிய போட்டிகளில் விதிகள் மாற ஆரம்பித்தன. அதே சமயம், சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995-ல் தடை தாண்டும் போட்டியில் விழுந்தபோது ஹெல்மெட் போட்டிருந்தார். கழுத்தில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்தது. ஹெல்மெட் அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. பிள்ளை தடை தாண்ட அவசரப்படக் கூடாது.

நம்ம ஊர் நல்ல செய்தியும் சொல்லிடறேன். பெங்களூருப் பையன் ஃபவாத் மிர்சா 2018 ஆசிய விளையாட்டில் ரெண்டு வெள்ளி வாங்கினார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 23-வது இடம். இவர் அப்பா குதிரைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர். அதாவது வீட்டிலேயே குதிரையைத் தெரிந்த ஆள் இருந்தார். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரஸாஜ் அணிக்குத் தங்கம். நாலு பேரில் ரெண்டு பேர் பெண்கள். மகளிடம் இதைச் சொன்னதுதான் நான் செய்த அடுத்த தப்பு :)

அப்புறம் ரெண்டு மாசம் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லை தாண்டிப் போய் நாலைந்து பயிற்சி இடங்களைப் பார்த்தேன். நான் கேட்டவற்றை அப்படியே போடறேன், யாருக்காவது உதவும்.

முதல் கேள்வி குதிரையைப் பற்றி. வயசு என்ன, எத்தனை வருஷமாகப் பிள்ளைகளைச் சுமக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? பதில் சொல்ல யோசித்தால் நடையைக் கட்டுங்கள். முதுகில் புண், விலா எலும்பு தெரியும் உடம்பு, ஆளைக் கண்டதும் காதைப் பின்னால் மடக்கும் குதிரை என்றாலும் அப்படியே. ரெண்டாவது, ஆரம்பத்தில் நீளக் கயிற்றில் கட்டி, வேலி போட்ட மணல் வட்டத்துக்குள் சொல்லித் தருகிறார்களா? மத்திகிரிக் குதிரைக்குச் செய்ததே பிள்ளைக்கும். மூணாவது, குதிரையேற்றத்துக்கென்று செய்த ஹெல்மெட். பைக் ஹெல்மெட் கனம், அதற்கு உதவாது. தாடைப் பட்டை கட்டாயம். ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது. நாலாவது, சின்னக் குதிகால் வைத்த மூடிய ஷூ. குதிகால் இருந்தால் கால் அங்கவடிக்குள் நழுவிப் போகாது. இந்த வரியை எழுதும்போது கை நடுங்குகிறது. அஞ்சாவது, டெட்டனஸ் ஊசி. குதிரைச் சாணத்திலும் லாய மண்ணிலும் அந்தக் கிருமி இருக்கும். அரசு அட்டவணைப்படி 10 வயசிலும் 16 வயசிலும் ஊசி உண்டு. அட்டையை எடுத்துப் பாருங்க. ஆஸ்துமா இருந்தால் வைக்கோல் தூசி ஒத்துக்காது, டாக்டரிடம் முதலிலேயே கேட்டுக்கோங்க.

கடைசியாக, விழுவாள். எவ்வளவு பார்த்தாலும் ஒரு நாள் விழத்தான் செய்வாள். அதை மறைக்காமல் முகத்துக்கு நேராகச் சொன்ன ஒரே ஒரு பயிற்சியாளரிடம்தான் மகளைச் சேர்த்தேன்.

முதல் மாசம் முக்கால்வாசி நேரம் லாயத்தில்தான். தேய்த்து விடுவது, குளம்பில் கல் எடுப்பது, ஊறவைத்த கொள்ளு கொடுப்பது. "இதுக்கா காசு கட்டறோம்?" என்று தங்கமணி முணுமுணுத்தாங்க. மகளுக்குப் பதினாறு வயசு ஆன கிழட்டுப் பெண் குதிரை ஒன்று. ஹாரன் என்ன, பட்டாசு வெடிச்சாலும் காதை மட்டும் ஆட்டும். அஞ்சாவது மாசம் எங்க கண்ணு முன்னாலேயே மகள் மணலில் விழுந்தாள். நான் வேலியைத் தாண்டப் போயிட்டேன். பயிற்சியாளர் கையைக் காட்டி நிறுத்தினார். கழுத்து, கை, கண் எல்லாம் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றித் தனியே எடுத்து வைத்தார். அன்றைக்கு மறுபடி ஏற்றவில்லை. மகள் எழுந்து மணலைத் தட்டிவிட்டுப் போய் முதலில் குதிரைக்கு ஒன்றும் ஆகலையே என்று பார்த்தாள்.

திரும்பி வரும் வழியில் வண்டியில் யாரும் பேசவில்லை. அத்திப்பள்ளி தாண்டியதும் தங்கமணி கேட்டாங்க: "அந்தக் கிழவிக்கு வயசாயிட்டா, புதுக் குதிரையை யாருப்பா பழக்குவாங்க?"

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, குதிரைக்காரனும் இல்லை. மாவுக்கட்டுக்குக் காசு கட்டிய ஒரு அப்பன், அவ்வளவுதான். மத்திகிரிப் பக்கம் போனால் அந்தப் பண்ணையை ஒரு நிமிஷம் நின்று பாருங்க.