மூணு பேர் ஓகே, எட்டு பேர்?

கிரிக்கெட் பதிவுன்னதும் சச்சினா தோனியான்னு சண்டை போட ஓடி வந்தவங்க மன்னிக்கவும். இது ரஞ்சி கோப்பை பற்றிய பதிவு. அதுலயும் எங்க புதுச்சேரி அணியைப் பற்றியது. எஸ்கேப் ஆகிடாதீங்க மக்களே, விஷயம் இருக்கு.

வில்லியனூர்லேருந்து பைக்கை எடுத்தா கொஞ்ச நேரத்துல துத்திப்பட்டு வந்துடும். புதுச்சேரி கிரிக்கெட் சங்கத்தோட மைதானம் அங்கதான். 2018 வரைக்கும் நமக்குன்னு தனி ரஞ்சி அணி கிடையாது. நல்லா ஆடுற பையன் தமிழ்நாட்டு அணியிலதான் இடம் தேடணும். அங்க இருக்கற போட்டிதான் உங்களுக்கே தெரியுமே! 2018ல பீகார், உத்தராகண்ட், சிக்கிம் மாதிரி ஒன்பது புது அணிகளைச் சேர்த்தாங்க. அதுல புதுச்சேரியும் ஒண்ணு. மொத்தம் 37 அணி ஆச்சு.

அணி கிடைச்சாச்சு, ஆளு?

இங்கதான் சிக்கல். ஒரு மாநிலத்துக்கு ஆட, அங்க பிறந்திருக்கணும், இல்லன்னா குறைஞ்சது ஒரு வருஷம் அங்க படிச்சோ வேலை பார்த்தோ இருக்கணும். இது போக, ஒவ்வொரு அணியும் மூணு வெளியூர் வீரர்களைச் சம்பளம் கொடுத்துக் கூட்டிக்கலாம். 2018 செப்டம்பர்ல விஜய் ஹசாரே போட்டி ஆரம்பிச்சப்ப புதுச்சேரிக்கு இந்தத் தகுதி விதியில தளர்வு கொடுத்திருந்தாங்க. அதே பிரிவுல இருந்த மத்த அணிகள் ‘இது என்னங்க நியாயம்?’னு கேட்டுச்சு. உடனே வாரியம் எட்டு பேரோட தகுதியைத் திரும்ப வாங்கிடுச்சு. போட்டி ஆரம்பிச்சதுக்கு அப்புறம்! அவசர அவசரமா வேற ஆளைத் தேட வேண்டியதாப் போச்சு.

ஆனா அந்த ‘மூணு பேர்’ கணக்குல வந்தவங்களைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. மும்பையோட அபிஷேக் நாயர், ராஜஸ்தானோட பங்கஜ் சிங், இமாச்சலத்தோட பரஸ் டோக்ரா. மூணு பேருமே 30 தாண்டினவங்க. டோக்ரா சிக்கிமுக்கு எதிரா 253 அடிச்சார். ரஞ்சியில அது அவரோட எட்டாவது இரட்டைச் சதம். ஏழு அடிச்சிருந்த அஜய் சர்மாவோட சாதனை காலி. அந்தச் சாதனை எழுதப்பட்டது புதுச்சேரி சட்டையில! அடுத்த வருஷம் கர்நாடகாவுக்கு ரெண்டு ரஞ்சி கோப்பை வாங்கிக் கொடுத்த கேப்டன் வினய் குமார் வந்தார், வயசு 35.

‘காசு கொடுத்து ஆள் பிடிக்கறாங்க, கலிகாலம்’னு பெருமூச்சு விடறவங்க கொஞ்சம் பின்னாடி போய்ப் பாக்கணும். இந்தூர் மகாராஜாவோட ஹோல்கர் அணியில சி.கே. நாயுடு கேப்டன். பிறந்தது நாக்பூர்ல. மகாராஜா கூப்பிட்டு ராணுவத்துல பதவி கொடுத்தார், ‘கர்னல்’ நாயுடு ஆனார். 1945-46ல ஹோல்கர் முதல் கோப்பை ஜெயிச்சப்ப அவருக்கு வயசு 50! அதுக்கு முந்தின வருஷ ஃபைனல்ல, போர்க்காலத்துல இந்தியாவுல இருந்த இங்கிலாந்தோட டெனிஸ் காம்ப்டனே ஹோல்கருக்கு ஆடி 249 அடிச்சு நாட் அவுட். (அப்படியும் பம்பாய்கிட்ட தோத்தாங்க, அது வேற கதை.) ஹோல்கர் மொத்தம் நாலு கோப்பை ஜெயிச்சது, கடைசி 1952-53ல. சமஸ்தானம் போச்சு, பின்னாடியே அணியும் போச்சு. அந்த மண்ணுக்கு, அதாவது மத்தியப் பிரதேசத்துக்கு, அடுத்த ரஞ்சி கோப்பை வந்தது 2022ல.

இதுக்கு நேர் எதிர் கதை ராஜஸ்தான். எட்டு முறை ஃபைனல்ல தோத்து, கடைசியில பிளேட் பிரிவுல கிடந்த அணி. 2010ல ரிஷிகேஷ் கனிட்கரையும் ஆகாஷ் சோப்ராவையும் கூட்டிட்டு வந்தாங்க. ஒருத்தர் 36, இன்னொருத்தர் 33. அதே சீசன்ல 18 வயசு தீபக் சாஹர் தன் முதல் மேட்ச்லயே 10 ரன்னுக்கு 8 விக்கெட் எடுக்க, ஹைதராபாத் 21க்கு ஆல் அவுட். பிளேட்லேருந்து வந்து கோப்பையை ஜெயிச்சாங்க. அடுத்த வருஷமும் ஜெயிச்சாங்க, சென்னையில வெச்சு, தமிழ்நாட்டைத் தோற்கடிச்சு (இந்த வரியை வேகமாப் படிச்சுட்டுக் கடந்துடுங்க). அந்த அணியோட பந்துவீச்சாளர்தான் பங்கஜ் சிங். அவரே பிற்பாடு பெரிய அண்ணனா நம்ம ஊருக்கு வந்தார்.

வெளிநாட்டுல எப்படின்னு பார்ப்போம். ஆஸ்திரேலியாவுல அவங்க ஊர் ஃபுட்பால் ஒண்ணு இருக்கு, நீள்வட்டப் பந்தை வெச்சு ஆடுறது. 1986லேருந்து அங்க டிராஃப்ட் முறை. கடைசி இடத்துல வந்த அணிக்குத்தான் இளம் வீரர்கள்ல முதல் ஆளை எடுக்கற உரிமை. 2012ல மேற்கு சிட்னியில புது அணி ஆரம்பிச்சப்ப பொடிப்பசங்களை நிறைய அள்ளிக் கொடுத்தாங்க. கூடவே பசங்களைக் கட்டி மேய்க்க நாலு பெருசுங்க. அதுல ஜேம்ஸ் மெக்டொனால்டுக்கு வயசு 35. முதல் சீசன்ல 22 மேட்ச்சுக்கு 2தான் ஜெயிச்சாங்க. ஆனா 2019ல கிராண்ட் ஃபைனலே ஆடுனாங்க. பெருசுங்களைக் கூட்டி வந்தது அந்த வருஷ வெற்றிக்காக இல்ல, பசங்க கத்துக்கறதுக்காக.

நியாயம்னு சொல்றோமே, அதுல ரெண்டு இருக்கு. ஒண்ணு அணிக்கும் அணிக்கும் நடுவுல உள்ள நியாயம். டிராஃப்ட் அதைப் பாத்துக்கும். ஆனா எந்த ஊர் அணிக்குப் போறதுங்கறதை அந்தப் பையன் முடிவு பண்ண முடியாது, கூப்பிட்ட இடத்துக்குப் பெட்டி கட்டணும். இன்னொண்ணு ஊர்ப் பையனுக்கான நியாயம். நம்ம ஊர் முறை நம்பி நிக்கறது அதுலதான்: உன் ஊர் அணியில உனக்கு இடம் உண்டு. 11ல 3 போனா மிச்சம் 8. அந்த எட்டு இடத்துக்குத்தான் பாகூர்லயும் வில்லியனூர்லயும் பசங்க அறுவடை முடிஞ்ச வயல்ல டென்னிஸ் பந்தை அடிச்சுட்டு இருக்காங்க. 35 வயசு வினய் குமார் அந்த மூணுல ஒரு இடத்துக்கு வந்தா எந்தப் பையனுக்கும் நஷ்டமில்ல, நெட்ஸ்ல அவர்கிட்ட நாலு விஷயம் கத்துக்குவான். ஆனா அந்த எட்டையே விதியைத் தளர்த்திக் கொடுத்துட்டா பையனுக்கு என்னதான் மிச்சம்? டோக்ரா பின்னாடி ஜம்மு காஷ்மீருக்குப் போய்க் கேப்டனாகி 2025ல மும்பையையே தோற்கடிச்சார். தொழில்முறை வீரர் அப்படித்தான் போவார், தப்பே இல்ல. நம்ம பையன் எங்க போவான்?

எங்க ஊர் திருக்காமீசுவரர் தேர்த் திருவிழாவுல பிரெஞ்சுக்காரன் காலத்துலேருந்தே கவர்னர் வந்து வடம் பிடிக்கறது வழக்கம். வெளியூர்க்காரர்தான், மரியாதையோட கூப்பிடறோம். ஆனா தேரை இழுத்து நிலைக்குக் கொண்டு வர்றது ஊர்ச்சனம்.

2024ல பாண்டிச்சேரி பிரீமியர் லீக் ஆரம்பிச்சப்ப ‘வில்லியனூர் மோஹித் கிங்ஸ்’னு எங்க ஊர் பேர்லயே ஒரு அணி வந்துச்சு. கோப்பைக்கு முன்னாடி நான் பாக்கறது ஒண்ணுதான்: பேர்ல இருக்கற ஊர், பதினோரு பேர்ல எத்தனை பேர்கிட்ட இருக்கு?

உங்க மாவட்டத்துல இந்தக் கணக்கு எப்படின்னு சொல்லுங்க மக்களே, பேசுவோம்.