சாவா மூவாக் கடன்

ஐ.டி. பசங்க நாலு பேர் டீக்கடையில கூடினா "நாமெல்லாம் நவீன கொத்தடிமைங்க மச்சி"ன்னு ஒரு டயலாக் கண்டிப்பா வரும். அப்ரைசல் சீசன்ல இது இன்னும் ஜாஸ்தி :-) நானும் அந்தக் கூட்டம்தான். ஆனா கொத்தடிமைங்கறது உவமைக்காக யாரோ கண்டுபிடிச்ச வார்த்தை இல்லைங்க. அதுக்குச் சட்டத்துல வரையறை இருக்கு, நீளமான வரலாறு இருக்கு. அந்த வரலாறு நாம போட்டிருக்கற பனியன் வரைக்கும் வந்து நிக்குது. இந்தப் பதிவு அதைப் பத்திதான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

எங்க ஊர் திருவண்ணாமலை. கிரிவலத்துக்கு வந்தவங்க ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்திருப்பீங்க, சுவர்ல இருக்கற கல்வெட்டை அதிகம் பேர் பார்த்திருக்க மாட்டீங்க. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகள்ல அடிக்கடி வர்ற ஒரு தொடர் உண்டு: 'சாவா மூவாப் பேராடு'. நந்தா விளக்கு எரிக்கறதுக்காக 90 ஆடோ 96 ஆடோ கோயிலுக்குக் கொடுப்பாங்க. ஒரு இடையர் அதை வாங்கிக்கிட்டு, தினமும் இவ்வளவு நெய்னு அளந்து கொடுக்கணும். ஆடு சாகும், கிழடாகும். ஆனா கணக்குல அந்த எண்ணிக்கை குறையவே கூடாது. குட்டி வளர்த்து ஈடுகட்ட வேண்டியது அவர் பொறுப்பு. அதனாலதான் 'சாவாத, மூப்படையாத' ஆடு.

இந்தத் தொடரை ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆட்டுக்குப் பதிலா அங்க 'கடன்'னு போட்டுப் பார்த்தா, நான் சொல்ல வர்ற கதையில பாதி முடிஞ்சுது.

1201-ல, மூன்றாம் குலோத்துங்கன் காலத்துல, திருப்பாம்புரத்துல ஒரு கல்வெட்டு. பஞ்சம். ஒரு வெள்ளாளரும் அவரோட ரெண்டு பொண்ணுங்களும் 110 காசுக்குக் கோயிலுக்கே தங்களை அடிமையா வித்துக்கிட்டாங்க. 'பழைய தமிழகத்துல அடிமை முறையே கிடையாது'ன்னு யாராவது பெருமை பேசினா இந்தக் கல்வெட்டைக் காட்டலாம். பிடிச்சுக் கட்டி இழுத்துட்டுப் போகலை. பசி கையெழுத்து போட வெச்சுது. இன்னிக்கும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்குது.

வெள்ளைக்காரன் காலத்துக்கு வருவோம். 1843-ல ஐந்தாம் சட்டம் வந்தது. அடிமை மேல ஒருத்தர் உரிமை கொண்டாடினா இனிமே கோர்ட் அதை ஏத்துக்காதுன்னு சொன்னது. நல்ல விஷயம். ஆனா 1859-ல இன்னொரு சட்டம் போட்டாங்க. முன்பணம் வாங்கிட்டு வேலையை முடிக்காம ஓடற தொழிலாளியை மாஜிஸ்திரேட் தண்டிக்கலாம்! அதாவது ஆளை வாங்க முடியாது, ஆனா ஆளுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டா அரசாங்கமே காவல் காக்கும். 1925-ல ரத்து பண்ற வரைக்கும் இந்தச் சட்டம் உயிரோட இருந்தது.

அதே காலத்துல கடல் தாண்டி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனாங்க நம்ம சனங்க. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்துக் கூட்டிட்டுப் போவார். வழிச்செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் கடன் கணக்குல ஏறும். வேற தோட்டத்துக்கு மாறணும்னா, புதுத் தோட்டத்துக்காரர் பழைய கடனை அடைக்கணும். அந்தத் தொகை எழுதின சீட்டுக்குப் பேரே 'துண்டு'. துண்டு கை மாறினா ஆளும் கை மாறுவார். 1921-ல இலங்கையில இதை ஒழிச்சாங்க. அதுவரைக்கும் லண்டன்ல கோப்பையில டீ ஊத்திக் குடிச்சவருக்குத் துண்டுன்னா என்னன்னு தெரிய வாய்ப்பே இல்லை.

சுதந்திரத்துக்கு அப்புறம் அரசியல் சாசனத்தோட 23-வது பிரிவு ஆள் கடத்தலையும் கட்டாய உழைப்பையும் தடை பண்ணிச்சு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல. இந்தச் சட்டம் நேரா அந்தச் சாவா மூவாக் கடன் மேலயே கை வெச்சுது. கொத்தடிமைக் கடன் அத்தனையும் செல்லாது, திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. கொத்தடிமையா வெச்சிருந்தா மூணு வருஷம் வரைக்கும் சிறை, 2000 ரூபாய் வரைக்கும் அபராதம். தேடிக் கண்டுபிடிக்கற பொறுப்பு மாவட்ட நிர்வாகத்துக்கு. 1982-ல ஏசியாட் கட்டுமானத் தொழிலாளர் வழக்குல நீதிபதி பகவதி இன்னும் ஒரு படி மேல போனார். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ கொடுத்து வேலை வாங்கினாலே அது கட்டாய உழைப்புதான்னு தீர்ப்பு.

காகிதத்துல எல்லாம் சரி. ஆனா 2019 ஜூலையில எங்க பக்கத்து மாவட்டங்களான காஞ்சிபுரம், வேலூர்ல மரம் வெட்டற இடங்கள்லேர்ந்து 42 பேரை மீட்டாங்க. ஒரு பெரியவர் அதிகாரியோட கால்ல விழுந்து கும்பிட்ட போட்டோ நாடு பூரா சுத்திச்சே, அதுதான். அவர் வாங்கினதா செய்திகள்ல வந்த கடன் ஆயிரம் ரூபாய். செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டுன்னு எங்க வட மாவட்டத்து இருளர் குடும்பங்களோட கதையில இந்த முன்பணம் திரும்பத் திரும்ப வரும்.

சரி, இப்ப பனியன் கதை.

திருப்பூர்லேர்ந்து ஏற்றுமதி ஆகற ஒரு டி-ஷர்ட்டைப் பின்னாடியே தொடர்ந்து போங்க. தையல், கட்டிங், சாயப்பட்டறை, நிட்டிங், அதுக்கு முன்னாடி நூற்பாலை, அதுக்கும் முன்னாடி ஜின்னிங், பருத்திக் காடு. 2005 ஜனவரியில உலக ஜவுளி வர்த்தகத்துல கோட்டா முறை முடிஞ்சதும் ஆர்டர் பெருகிச்சு. கோவை, ஈரோடு, திண்டுக்கல் பக்கம் நூற்பாலைகளுக்கு ஆள் தேவை. அந்த வருஷங்கள்ல ஊரூரா பரவின திட்டம்தான் 'சுமங்கலித் திட்டம்'. 'திருமகள் திருமணத் திட்டம்'னும் இதுக்கு ஒரு பேர் உண்டு.

திட்டம் ரொம்ப சிம்பிள். வயசுக்கு வந்த பொண்ணை மூணு வருஷம் மில்லுக்கு அனுப்புங்க. ஹாஸ்டல், சாப்பாடு எங்க பொறுப்பு. மாசம் கொஞ்சம் கையில. மூணு வருஷம் முடிஞ்சதும் முப்பதாயிரம், ஐம்பதாயிரம்னு மொத்தமா தர்றோம், கல்யாணத்துக்கு ஆகும். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல. அதுக்கு நாற்பது வருஷம் கழிச்சு அந்த வரதட்சணைப் பயத்தையே வெச்சு ஆள் எடுத்தாங்க. புரோக்கருக்குத் தலைக்கு இவ்வளவுன்னு கமிஷன்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. திருப்பாம்புரத்துக்காரர் காசு வாங்கிட்டு அடிமையானார். தோட்டத்துக்குப் போனவங்க, சூளைக்குப் போனவங்க எல்லாம் முன்பணம் வாங்கினவங்க. சுமங்கலியில அந்தப் பொண்ணு யார்கிட்டயும் அஞ்சு பைசா கடன் வாங்கலை. சேர வேண்டிய சம்பளத்தை மில்லு பிடிச்சு வெச்சுக்குது. அப்ப கடன்காரர் யாரு? மில்லுதான்! மூணு வருஷத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கறது பதினாறு வயசுப் பொண்ணு. ஆனா கட்டுப்பட்டுக் கிடக்கறதும் அவதான். உடம்பு முடியாம மூணாவது வருஷம் பாதியில வீட்டுக்குப் போனா மொத்தப் பணமும் போச்சு. அட்வான்ஸ் எங்கேன்னு தேடற கண்ணுக்கு இது கொத்தடிமையாவே தெரியாது. ராத்திரி ஷிப்ட், வெளியே விடாத விடுதி, கட்டாய ஓவர்டைம் எல்லாம் 'பாதுகாப்பு', 'பயிற்சி'ங்கற பேர்ல நடந்துச்சு.

2011-ல 'கேப்சர்ட் பை காட்டன்', 2014-ல 'ஃப்ளாட் ஃபேப்ரிக்ஸ்'னு ரெண்டு அறிக்கைகளை நெதர்லாண்ட்ஸ் அமைப்புகள் வெளியிட்டதுக்கு அப்புறம்தான் ஐரோப்பியக் கடைகள் பதற ஆரம்பிச்சுது. அதுவரைக்கும் அவங்க ஆடிட் அதிகமா நடந்தது கடைசிக் கட்டத்துல, அதாவது தையல் ஃபேக்டரியில. நூற்பாலை அவங்க பார்வையிலேயே இல்லை. நம்ம தொழில் பாஷையில சொன்னா, சப்ளையர் மாஸ்டர் டேபிள்ல நமக்கு பில் போடறவர் பேர் மட்டும்தான் இருக்கும். அவருக்கு நூல் கொடுத்தவர் யாருன்னு ஒரு காலமே கிடையாது. இல்லாத டேட்டாவை எந்த ரிப்போர்ட்டும் காட்டாது.

அந்த ஊர்ச் சட்டங்களும் வந்துச்சு. கலிஃபோர்னியா சட்டம் 2010-ல நிறைவேறி 2012-ல அமலுக்கு வந்தது. பிரிட்டன் சட்டம் 2015. ரெண்டுமே பெரிய கம்பெனிகளைக் கேக்கறது ஒண்ணுதான்: 'உங்க சப்ளை செயின்ல அடிமை உழைப்பைத் தடுக்க என்ன பண்றீங்கன்னு எழுதிப் போடுங்க'. எழுதிப் போட்டா போதும்! ஐரோப்பிய யூனியன் 2024-ல கொண்டுவந்த சட்டம் வேற மாதிரி. கட்டாய உழைப்புல செஞ்ச பொருளை விக்கவே கூடாதுங்குது, அமலுக்கு வர்றது 2027 டிசம்பர்ல.

எனக்கு இதையெல்லாம் விட முக்கியமா படறது திண்டுக்கல். 2021 ஜனவரியில அங்க நாச்சி அப்பேரல்ங்கற ஆயத்த ஆடை ஆலையில வேலை பார்த்த ஒரு தலித் பெண் கொலை செய்யப்பட்டாங்க. மேற்பார்வையாளர் ஒருத்தர் கைதானார். பெண்களே தலைமை தாங்கற தொழிற்சங்கம் ஒண்ணு விடாம போராடிச்சு. அதோட பலன், 2022 ஏப்ரல்ல வந்த திண்டுக்கல் ஒப்பந்தம். ஒரு பக்கம் சங்கம், இன்னொரு பக்கம் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், கூடவே எச் அண்ட் எம், கேப், பிவிஎச் மாதிரி வாங்கற கம்பெனிகளும் கையெழுத்து. தொழிலாளிகள்லேர்ந்தே கண்காணிப்பாளர்கள், புகார் சொன்னா பழிவாங்கக் கூடாது, ஆலை மீறினா ஆர்டர்ல அடி விழும். 2022 ஜூலையில அமெரிக்க சுங்கத்துறை கட்டாய உழைப்புக் காரணம் காட்டி அந்த ஆலைச் சரக்கை நிறுத்திச்சு. ஒப்பந்தம் நடைமுறையில இருந்ததும் சேர்ந்து, செப்டம்பர்லயே தடையைத் தளர்த்தினாங்க.

வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற ஆடிட்டருக்கு ஹாஸ்டல் கதவு ராத்திரி பூட்டப்படுமான்னு தெரியாது. உள்ள தூங்கறவளுக்குத் தெரியும். அவ பயப்படாம சொல்லலாம், சொன்னா வாங்கறவன் கேட்டே ஆகணும். 1843-லேர்ந்து வந்த எந்தச் சட்டமும் இந்த ரெண்டையும் ஒண்ணா சேர்க்கலை.

ஆனா இந்த ஒப்பந்தம் ஏற்றுமதிச் சரக்குக்கு. தமிழ்நாட்டு நூல்ல பெரும்பங்கு உள்நாட்டுக்கே போகுது. எங்க ஊர் தேரடித் தெருவுல நான் வாங்கற சட்டைக்கு கலிஃபோர்னியா சட்டமும் கிடையாது, திண்டுக்கல் ஒப்பந்தமும் கிடையாது. சுமங்கலிங்கற பேர் இப்ப போஸ்டர்ல வர்றதில்லை. ஆனா மில் விடுதிகள் இருக்கு. இப்ப அங்க ஒடிசா, ஜார்க்கண்ட் பொண்ணுங்களும் இருக்காங்க. மொழி தெரியாத ஊர்ல யார்கிட்ட போய்ப் புகார் சொல்வாங்க?

தீபாவளிக்கு ஜவுளி எடுக்கறப்ப கடைக்காரர்கிட்ட 'நூல் எந்த மில்லு'ன்னு கேட்டா சிரிப்பார், தெரியும். ஆனா ரீடெய்ல் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதற நம்மாளுங்க இதைப் படிக்கற கூட்டத்துல நிச்சயம் இருப்பீங்க. அடுத்த ரிலீஸ்ல அந்த டேபிள்ல ஒரு காலம் சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்க. நூல் கொடுத்தவர் பேர், மாசாமாசம் முழுச் சம்பளம் போகுதா இல்லையா. என்ன பதில் வந்ததுன்னு வந்து சொல்லுங்க.