சரளைக் கல்லும் சரித்திரமும்

தாம்பரத்திலிருந்து பல்லாவரம்வரை மிதிவண்டியில் சென்று வருவது என் விடியற்கால வழக்கம். பெருஞ்சாலையை விட்டுக் குன்றின் அடிவாரத்துச் சரளைப் பாதையில் திரும்பினால் வண்டி குலுங்கும், வேகம் குறையும், கண்ணோ விழித்துக்கொள்ளும்.

பல்லாவரக் குன்றிலே மகேந்திரவர்ம பல்லவன் 7ஆம் நூற்றாண்டில் குடைவித்த குகைக்கோயில் ஒன்று உண்டு. அவனுடைய விருதுப் பெயர்கள் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. இன்று அது தர்காவாக விளங்குகிறது. மன்னன் பொறித்த கல்லை நாம் போற்றுகிறோம். காலடியில் கிடக்கும் சரளையைப் பொருட்படுத்துவார் யார்?

ஒருவர் பொருட்படுத்தினார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30ஆம் நாள், பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழியொன்றில் ஆதிமனிதன் செதுக்கிய கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தமைக்கு முதற் சான்றாயிற்று அது. அவ்வாண்டிலேயே அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். அவ்வூரின் மிகப் பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு வயது என்று 2011இல் வெளியான ஆய்வு உரைத்தது.

குழி தோண்டியவருக்கு அது வெறுங்கல். குனிந்து பார்த்தவருக்கோ அதுவே சரித்திரம். குன்றுகளைப் பிளந்து நகரம் எழுப்பிய நாம், ஒவ்வொரு கூடைக் கல்லையும் கொட்டுமுன் குனிந்து பார்த்தோமா, நேயர்களே? எத்தனை கருவிகள் நம் சாலைகளின் அடியில் உறங்குகின்றனவோ! சரளையில் வண்டி தளர்வதை நான் இப்போது குறையாகக் கருதுவதில்லை. இறங்கி நடக்கிறேன், குனிந்து பார்க்கிறேன்.