கடல் கடந்த துணிகளின் கதை

ஒரு நாள் பயணத்துக்கு மாற்றுத்துணி ஒன்று போதும். கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு நடந்து இறங்கும் ஒருவர், வழியில் ஓர் ஓடையில் துண்டை அலசித் தோளில் போட்டுக்கொண்டால், ஊர் வருமுன் அது காய்ந்துவிடும். ஆனால் பயணம் ஐந்து வாரம் நீண்டால்? நாற்புறமும் உப்பு நீராகவே இருந்தால்? துணி வெளுப்பது என்னும் எளிய செயலுக்குள் எவ்வளவு வேதியியலும் எவ்வளவு சமுதாய வரலாறும் அடங்கியுள்ளன என்பது அப்போதுதான் தெரியவரும்.

ஊரில் இருந்த முறை

துணி வெளுக்க மூன்று வேண்டும்: தண்ணீர், அழுக்கை அகற்றும் பொருள், உழைக்கும் கை. நம் ஊர்களில் இம்மூன்றும் அருகிலேயே இருந்தன. கள்ளக்குறிச்சி வட்டாரத்துக்குக் கோமுகியும் மணிமுத்தாறும் நீர் தந்தன. மலைக்காடுகள் சீயக்காயைத் தந்தன. கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதிகளில் பூந்திக்கொட்டையும் விளைகிறது. இவ்விரண்டிலும் 'சப்போனின்' என்னும் பொருள் உண்டு. இதன் மூலக்கூற்றின் ஒரு பகுதி எண்ணெயை நாடும். மற்றொரு பகுதி நீரை நாடும். ஆகவே, எண்ணெய்ப் பசையுள்ள அழுக்கைப் பற்றி இழுத்து நீரோடு சேர்த்துவிடுகிறது. சோப்பு செய்வதும் இதே வேலையைத்தான்.

பருத்தித் துணிக்கு உவர்மண் பயன்பட்டது. இதில் சோடியம் கார்பனேட் போன்ற காரப்பொருள்கள் உள்ளன. உவர்மண் கரைசலில் தோய்த்த துணிகளை வெள்ளாவியில் அடுக்கி நீராவியில் வேகவைத்தனர். காரம், அழுக்கில் இருந்த கொழுப்பு அமிலங்களுடன் சேர்ந்து, துணியின் இழைகளுக்குள்ளேயே சிறிது சோப்பை உண்டாக்கியது. சோப்புத் தொழிற்சாலை ஏதுமின்றி நம்மவர் சோப்பின் பயனைப் பெற்ற விதம் இது! எந்தத் துணி எந்த வீட்டுக்கு உரியது என்பதற்குச் சேங்கொட்டைச் சாற்றால் குறியிட்டனர். காற்றுப் பட்டுக் கறுக்கும் அந்தச் சாறு எத்தனை வெளுப்புக்கும் போகாது.

மூன்றாவதான உழைக்கும் கை, வண்ணார் குடும்பங்களுடையது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் அப்பணியைச் செய்தனர். அறுவடையின்போது தானியத்தைக் கூலியாகப் பெற்றனர். காரத்தின் அளவையும் ஆவியின் நேரத்தையும் கைப்பழக்கத்தால் அறிந்திருந்த அந்தத் தொழில் வல்லுநர்களைத் தாழ்ந்தவர் என்று ஒதுக்கியது அன்றைய சமுதாயம். வெளுத்த துணியை உடுத்துவது பெருமை. வெளுத்துத் தருவது இழிவு!

கப்பலில் நேர்ந்தது

1860-ஆம் ஆண்டு அக்டோபரில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்டது. நவம்பர் 16 அன்று அது தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர் இவ்வாறு நேட்டாலுக்குச் சென்றனர். வட ஆர்க்காடு, தென்னார்க்காடு மாவட்டத்தார் அவர்களுள் மிகப்பலர். கள்ளக்குறிச்சி அன்று தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்தது.

கப்பல்களில் நன்னீர் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அளந்து கொடுக்கப்பட்டது. துணி துவைக்கக் கடல் நீர்தான். அதில் சாதாரண சோப்பைக் கரைத்தால் நுரை வராது. தயிர்போல் திரிந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். ஏன்? ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அவற்றுள் மக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம். இவ்விரண்டும் சோப்புடன் சேர்ந்து நீரில் கரையாத பொருளாகப் படிகின்றன. எஞ்சிய சோப்பையும் சோடியம் உப்பு கரையவிடாமல் தடுக்கிறது. அலசிய துணியும் முழுதாகக் காயாது. இழைகளில் தங்கும் மக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொண்டே இருக்கும்.

இதற்கு ஒரு தீர்வைத் தேங்காய் தந்தது. தேங்காய் எண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலத்தின் கார்பன் சங்கிலி குறுகியது. ஆகவே அதிலிருந்து செய்த சோப்பு உப்பு நீரிலும் ஓரளவு கரைந்து நுரைக்கும். கடற்பயணிகளுக்கான 'கடல் சோப்பு' தேங்காய் எண்ணெயில் செய்யப்பட்டதன் காரணம் இதுவே.

அயல்நாட்டில் யார் வெளுப்பது?

கரை இறங்கிய பின்னும் துணி அழுக்காகிறது. சிங்கப்பூரில் இன்றும் 'டோபி காட்' என்று ஓரிடம் உண்டு. இந்தியச் சலவைத் தொழிலாளர் அங்கிருந்த ஓடையில் துணி வெளுத்ததால் வந்த பெயர் அது. பினாங்கிலும் அப்படி ஓரிடம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிலோ, 1890-களில் சுலு இன ஆண்கள் இத்தொழிலில் இறங்கிச் சங்கம்போல் கூடி நடத்தினர். ஆக, இங்கே பிறப்போடு பிணைக்கப்பட்டிருந்த தொழில், அங்கே விரும்பியவர் கற்றுச் செய்யும் தொழிலாயிற்று.

இந்த மாற்றத்தைத் தம் வாழ்விலேயே செய்து காட்டியவர் காந்தியடிகள். டர்பனில் வழக்கறிஞராக இருந்தபோது சலவைச் செலவு மிகுதியாயிற்று. துணியும் காலத்தில் வரவில்லை. அவர் சலவைக் கருவிகளையும், சலவை பற்றிய ஒரு நூலையும் வாங்கிப் படித்துக் கற்றார், கஸ்தூரிபாவுக்கும் கற்பித்தார். முதலில் தாமே வெளுத்த கழுத்துப்பட்டையை அணிந்து நீதிமன்றம் சென்றபோது கஞ்சி உதிர்ந்து கொண்டே இருந்தது. உடனிருந்த வழக்கறிஞர்கள் நகைத்தனர். கஞ்சி மிகுந்திருந்தது; இஸ்திரிப் பெட்டியின் சூடோ போதவில்லை. போதிய வெப்பமும் அழுத்தமும் இருந்தால்தான் கஞ்சி இழைகளோடு படிந்து மெல்லிய படலமாக நிற்கும்.

1912-இல் கோபால கிருஷ்ண கோகலே தென்னாப்பிரிக்காவுக்கு வந்தார். ஜோகன்னஸ்பர்க் விருந்துக்கு அணிய, ரானடே தமக்கு அளித்த அங்கவஸ்திரத்தை எடுத்தபோது அது கசங்கிக் கிடந்தது. சலவைக்கு அனுப்பி வாங்க நேரமில்லை. காந்தியடிகள் தாமே இஸ்திரி போடுவதாகச் சொன்னதும் கோகலே தயங்கினார். வழக்கறிஞரிடம் இருந்த நம்பிக்கை சலவைக்காரரிடம் வரவில்லை! எனினும் வேலை செம்மையாக முடிந்தது, கோகலேயும் மெச்சினார்.

இன்றைய பயணி

பின்னர் வந்த வேதியியல் பயணிக்கு மேலும் உதவியது. 1941-இல் இங்கிலாந்தில் பாலியெஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தைக் காற்றிலிருந்து ஏற்கும், பாலியெஸ்டர் 0.4 விழுக்காடே ஏற்கும். இரவில் துவைத்த சட்டை காலையில் உலர்ந்திருப்பது இதனால்தான். 1946-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'டைட்' போன்ற செயற்கைச் சலவைத்தூள்கள் கடின நீரிலும் திரிவதில்லை. இதில் நம் பூந்திக்கொட்டையும் சளைத்ததன்று. சப்போனினில் நீரை நாடும் பகுதி சர்க்கரையால் ஆனதாகையால், அது சோப்பைப்போல் எளிதில் திரிவதில்லை.

கல்வராயன் மலையில் மூன்று ஜாகிர்தார்களின் ஆட்சி 1976-இல்தான் முடிவுக்கு வந்தது. பிறப்பைக் காட்டி ஒருவரிடம் வேலை வாங்கும் வழக்கங்கள் நெடுங்காலத்துக்கு முந்தியவை அல்ல என்பதற்கு இதுவும் ஒரு சான்று. இன்று இம்மாவட்டத்திலிருந்து படிக்கவும் பணியாற்றவும் கடல் கடந்து செல்லும் இளைஞர், போய்ச்சேர்ந்த முதல் வாரமே தம் துணியைத் தாமே துவைக்க வேண்டியிருக்கும். அதை அவர் வீட்டிலேயே கற்றுக்கொண்டு புறப்படுவது நல்லது. அந்த வேலைக்குள் எவ்வளவு அறிவும் உழைப்பும் இருக்கின்றன என்பதை, இத்தனை காலம் அதைச் செய்தவர்களை மதிக்கும் அளவுக்கு அவர் அப்போது உணர்வார்.